டாம்-சப் உறவுக்குள் போகும் முன் எவ்வளவு பேசிக்கொள்ள வேண்டும்?

கேள்வியின் சாரம் இது: இருவரும் முப்பதைத் தாண்டியவர்கள். கேட்பவர் சப், அதாவது சம்மதத்தோடு அடங்கி இருப்பவர். அவர் சந்திக்கப் போகும் நபர் டாம், அதாவது அடக்கி ஆள்பவர். செய்திகளில் நிறையப் பேசியாகிவிட்டது, இனி நேரில் தொடங்கப் போகிறார்கள். எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டால் சுவாரசியம் போய்விடாதா, ஒருவருக்கு அடங்கி இருக்க ஆசைப்படுவதே கோளாறா என்று இரண்டு சந்தேகங்கள்.

இரண்டாவதைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் (11ஆம் பதிப்பு) சேடோமாசோகிசம் (வலி கொடுப்பதிலோ வாங்குவதிலோ, அடக்குவதிலோ அடங்குவதிலோ கிளர்ச்சி காண்பது) என்ற பழைய பிரிவு கிடையாது. சம்மதிக்காத ஒருவரைத் துன்புறுத்திக் கிளர்ச்சி தேடுவதுதான் இன்றும் கோளாறு. உங்களுக்கு அது பொருந்தாது.

இப்போது சுவாரசியம். நானும் சப் பக்கம்தான். பேசி வைத்ததால் எனக்கு எதுவும் குறைந்ததில்லை. எதுவரை போகும் என்று தெரிந்திருப்பதால்தான் உள்ளே போனதும் என்னை முழுசாக விட்டுக்கொடுக்க முடிகிறது. ஆனால் நீங்கள் இதுவரை பேசியிருப்பது அந்தப் பேச்சு இல்லை என்பது என் ஊகம். நள்ளிரவில் "நீங்கள் என்ன சொன்னாலும் செய்வேன்" என்று எழுதியிருப்பீர்கள். நாங்கள் எல்லோரும் எழுதியிருக்கிறோம். அது காத்திருப்பின் கிறுகிறுப்பு, அனுபவியுங்கள். அதை ஒப்பந்தமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நிஜமான பேச்சு பகலில், மது இல்லாமல், "மாஸ்டர்", "சார்" என்ற விளிகள் இல்லாமல் நடக்கட்டும். அந்த மேசையில் இருவரும் சமம். அடங்கிய குரலில் சொல்லும் "சரி"க்கு அங்கே மதிப்பில்லை.

ஆளுக்கொரு தாளில் வேண்டும், பார்க்கலாம், கூடவே கூடாது என்று தனித்தனியாக எழுதிவிட்டு ஒப்பிடுங்கள். அவர் எழுதியதைப் பார்த்து நீங்கள் எழுதினால் அவர் விருப்பம்தான் உங்கள் தாளில் இருக்கும். பட்டியலோடு நிறுத்தவும் வேண்டாம். "கட்டிப்போடுவது பிடிக்கும்" என்கிறீர்களா? அசைய முடியாத நிலை பிடிக்குமா, கயிறு தோலில் அழுந்துவது பிடிக்குமா, கட்டுபவர் செலுத்தும் அந்தக் கவனம் பிடிக்குமா? மூன்றுக்கும் மூன்று விதமாக நடந்துகொள்ள வேண்டியிருக்கும். திட்டுவது சரி என்றால் எந்த வார்த்தைகள்? "முட்டாள்" கேட்டால் சிலிர்க்கிற ஒருவருக்கு உடல் பருமனைச் சொன்னால் அழுகை வரலாம். உடலுறவு உண்டா இல்லையா என்பதை வாய்விட்டே சொல்லுங்கள், இருவரும் ஆளுக்கொன்று நினைத்துக்கொண்டிருப்பது சகஜம். தழும்பு, புகைப்படம், ஆஸ்துமா, பழைய தோள்பட்டைக் காயம், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் பேச்சில் வர வேண்டும். கழுத்தை நெரிப்பதை நான் பேரத்துக்கே எடுப்பதில்லை. அதில் பாதுகாப்பான முறை என்று ஒன்று இல்லை, நினைவு தப்பியவரால் நிறுத்தச் சொல்லவும் முடியாது.

அப்புறம், அவருடைய அதிகாரம் எங்கே முடிகிறது? அந்த அறைக்குள் மட்டுமா, அன்றாட வாழ்க்கையிலுமா? தொடக்கத்தில் பணம், வேலை, நண்பர்கள் மூன்றையும் யார் கையிலும் கொடுக்காதீர்கள். வலியிலும் அடங்குவதிலும் இன்பம் காண்பதைக் குறிக்கும் மாசோகிசம் என்ற சொல்லுக்கே பெயர் கொடுத்த ஆஸ்திரிய எழுத்தாளர் சாஹர்-மாசோக், 1869இல் ஃபானி பிஸ்டர் என்ற பெண்ணுக்கு ஆறு மாதம் அடிமையாக இருக்க ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்திட்டார். அந்த மனிதரே தன் வேலைக்குத் தினமும் ஆறு மணி நேரம் விட வேண்டும், தன் கடிதங்களைப் படிக்கக் கூடாது, தனக்கு அவமானம் தேடித்தரும் எதையும் கேட்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தார். நீங்கள் ஏன் கூச்சப்படுகிறீர்கள்? (இப்படி எழுதிக்கொள்ளும் தாள் உங்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. எந்த நொடியிலும் விலகலாம்.)

சேஃப்வேர்டுக்கு, அதாவது சொன்னதும் நிறுத்த வேண்டும் என்று முன்பே பேசி வைக்கும் சொல்லுக்கு, பலரும் போக்குவரத்து விளக்கு நிறங்களைத்தான் வைத்துக்கொள்கிறார்கள். சிவப்பு என்றால் உடனே நிறுத்தம், மஞ்சள் என்றால் வேகம் குறைத்துக் கேள். வாய் கட்டியிருந்தால் கையில் ஒரு பொருள், அதைக் கீழே போட்டால் நிறுத்தம். சொல்லை முடிவு செய்வது எளிது, சொல்ல நா எழுவதுதான் கஷ்டம். அவரை ஏமாற்றுகிறோமோ என்று தோன்றும். அதனால் முதல் தடவை எந்தத் தொந்தரவும் இல்லாதபோதே ஒருமுறை "மஞ்சள்" சொல்லிப் பாருங்கள். சொல்லிப் பழகிவிடும், அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்றும் தெரியும். அந்த அடங்கிய மனநிலைக்குள் ஆழமாகப் போய்விட்ட சப்புக்குப் பேச்சே வராமல் போகலாம். மௌனம் சம்மதமில்லை, அவ்வப்போது கேட்க வேண்டியது அவர் பொறுப்பு. நடுவில் புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம், குறைக்கலாம். அந்தச் சொல்லை டாமும் சொல்லலாம் என்பதையும் பேசிவிடுங்கள். அவருக்கும் லிமிட் உண்டு. "எனக்கு எதுவும் ஓகே" என்கிற டாம் இன்னும் யோசிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

முடிந்த பிறகு என்ன வேண்டும்? போர்வையா, தண்ணீரா, அணைப்பா, தனிமையா? இந்த ஆஃப்டர்கேரையும் சொல்லி வையுங்கள். சப் டிராப் என்கிற அந்தச் சோர்வு அன்றைக்கே வரும் என்றில்லை, மறுநாளோ இரண்டு நாள் கழித்தோ காரணமில்லாமல் அழவைக்கும். அன்றைக்கு யார் யாரை அழைப்பது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

இவரை நம்பலாமா என்று தெரிய ஒரு வழி: பேச்சில் ஏதாவது சின்ன விஷயத்துக்கு "வேண்டாம்" சொல்லுங்கள். "சரி" என்று அடுத்ததற்குப் போகிறாரா, முகம் சுளிக்கிறாரா, "உண்மையான சப்புக்கு லிமிட்டே கிடையாது" என்று பாடம் எடுக்கிறாரா? மூன்றாமவராக இருந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் சந்திப்பு நாலு பேர் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். அன்றைக்குப் பேச்சு மட்டும், வேறெதுவும் வேண்டாம். எங்கே, யாரோடு இருக்கிறீர்கள் என்று நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.