வறண்ட ஆற்றோரம் வீடு வாங்குவது பற்றி

வணக்கம் சார். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசான் நகரில், ரில்லிட்டோ ஆற்றங்கரையிலிருந்து 200 அடியில் வீடு, வெள்ள வரைபடத்தில் அபாய எல்லைக்கு வெளியே இருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர் எதுவரை ஏறும் என்றுதான் அது சொல்லும். கரை எதுவரை அரிக்கும் என்று சொல்லாது.

1983 அக்டோபர் வெள்ளத்தில் அங்கே பெரும் சேதம் கரை அரிப்பால்தான். தண்ணீர் ஏறாத மேட்டில் நின்ற கட்டடங்களும் கரையோடு சரிந்து விழுந்தன. வருஷத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறுதான், ஆனால் கரை இறுகாத மணலும் சரளையும். பிடித்து வைக்க வேரும் குறைவு. வெள்ளம் அடிமண்ணைக் குடைய, மேல்மண் பாளம் பாளமாக விழும். சில மணி நேரத்திலேயே ஆறு இடம் மாறிவிடும்.

நேரில் நடந்து பாருங்கள். வீடு ஆற்று வளைவின் வெளிப்பக்கமா? கரை செங்குத்தாக, வேர்கள் அந்தரத்தில் தொங்க நிற்கிறதா? விளிம்புக்கு இணையாக மண்ணில் விரிசல் ஓடுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் நான் வாங்கமாட்டேன். 1983க்குப் பிறகு பல இடங்களில் மண்ணோடு சிமென்ட் கலந்து கரை கட்டினார்கள். உங்கள் பக்கம் அது உண்டா, அரிப்புக்காகக் கரையிலிருந்து எவ்வளவு தூரம் விடச் சொல்கிறார்கள் என்று பீமா கவுன்டி (டூசான் இருக்கும் மாவட்டம்) வெள்ளக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.