அப்புறம் வர்றேன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு பம்பு நிறுவனத்தில் டிசைன் பிரிவில் நான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். முன்பெல்லாம் டிராயிங் முடிந்ததும் இரும்பு வார்க்கும் பவுண்டரிப் பக்கம் போய், வார்ப்புக்கான மர மாதிரியை, அதாவது பேட்டர்னை, செய்கிறவரிடம் காட்டி, "இது வருமாங்கண்ணா?" என்று கேட்டுவிட்டு வருவேன். இப்போது இரண்டு நாள் வேலையை அரை நாளில் கேட்கிறார்கள். அவர்களுக்கும் அதே நெருக்கடி. போய் நின்றால் அவர்கள் நேரத்தை வீணாக்குகிறோமோ என்று கூச்சமாக இருக்கிறது. எதுவானாலும் மெயிலில் கேட்கச் சொல்கிறார் மேலாளர். அது சரிதானா? வேறு வேலை தேடலாமா என்றும் யோசிக்கிறேன்.

எம்.

அன்புள்ள எம்.,

வேலை மாறுவதைப் பற்றி வீட்டில் பேசி முடிவெடுங்கள். மெயிலும் சரிதான், அளவு கேட்க, தேதி கேட்க அது போதும். ஆனால் "நேரத்தை வீணாக்குகிறோமோ" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது.

போன மாதம் பீளமேடு வழியாகப் போனேன். நான் வேலை பார்த்த பவுண்டரி இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. அன்றிலிருந்து எங்கள் பேட்டர்ன் மேஸ்திரி நினைவாகவே இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. டிராஃப்ட்ஸ்மேன். பம்பின் வெளிக்கூடு நத்தை ஓடு மாதிரி இருக்குமே, அந்த வால்யூட் கேசிங் ஒன்றுக்கு டிராயிங் போட்டேன். உடலும், குழாயைப் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பான பிளாஞ்சும் சேரும் கழுத்தில், கனத்த பகுதி மெல்லிய சுவரில் நேராகப் போய் முட்டியது. உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரும்பு உறையும்போது சுருங்கும். மெல்லிய இடம் முதலில் உறைந்துவிடும். கனத்த இடம் கடைசியில் உறையும்போது, குறையை நிரப்ப உருகிய இரும்பு வர வழியிருக்காது. உள்ளே குழி விழும். கனத்தைப் படிப்படியாகக் குறைத்து மூலையை வளைத்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான். டிராயிங்கில் கண்ணில் படவில்லை.

மேஸ்திரிக்குப் பட்டது. மரத்தைச் செதுக்குகிறவருக்கு எங்கே கனம் என்று விரலே சொல்லிவிடும். டிராயிங்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்து நின்றார். மாதக் கடைசி, டெஸ்பாட்ச் நெருக்கடி. நிமிராமலே "என்னங்க மேஸ்திரி?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க தம்பி, அப்புறம் வர்றேன்."

வரவில்லை. நாற்பது கேசிங் வார்த்தோம். மெஷின் ஷாப்பில் கடையக் கடையக் கழுத்தில் குழிகள் திறந்தன. மிஞ்சியவை தண்ணீர் அழுத்தச் சோதனையில் கசிந்தன. அத்தனையும் மறுபடி உலைக்குப் போயின. அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று அவரிடம் சண்டைக்குப் போனேன். "சொல்லத்தானுங்க வந்தேன். நீங்க அவசரத்துல இருந்தீங்க" என்றார்.

நான் அவரிடம் எதையும் கேட்டிருக்கவில்லை, கவனியுங்கள். எனக்குக் கேட்கவே தெரியாத ஒன்றுக்கு அவர் பதில் வைத்திருந்தார். மெயிலில் என்னவென்று எழுதிக் கேட்டிருப்பேன்?

1973ல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. பிரின்ஸ்டனில் இறையியல் மாணவர்கள் 40 பேரைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். பாதிப் பேர் பேச வேண்டியது, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவனின் கதையாக இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையைப் பற்றி. வழியில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமி முனகுகிறார். அவகாசம் இருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். அவர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் மேஸ்திரியை மதித்தவன்தான். என் குனிந்த தலையைப் பார்த்து அவர் திரும்பிப் போனார், அவ்வளவுதான்.

யார் நேரத்தை வீணாக்குகிறீர்கள்? நின்று கேட்டால் அவருக்கு ஐந்து நிமிடம் போகும். கேட்காமல் விட்டால் அவர்தானே பேட்டர்னைத் திருத்த வேண்டும்? அவர் ஆட்கள்தானே மறுபடி மண் இடித்து மோல்டு கட்டி இரும்பு ஊற்ற வேண்டும்? இந்தக் கூச்சத்தை மரியாதை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. ஒருவருக்குத் தெரிந்ததைக் கேட்க ஆளில்லாமல் செய்வதில் என்ன மரியாதை இருக்கிறது?

டீ நேரத்தில் போங்கள். பாதி முடிந்த டிராயிங்கையே பிரிண்ட் எடுத்துப் போங்கள். முடித்துக் கையெழுத்துப் போட்டதில் "இங்கே மாத்துங்க" என்று சொல்ல அவருக்கு மனம் வராது. அப்புறம், அவராகவே உங்கள் மேஜைப் பக்கம் வந்தால், கையிலிருப்பதை வைத்துவிட்டு எழுந்து ஒரு நாற்காலி இழுத்துப் போடுங்கள்.

அன்புடன்.