ஸ்குவாஷை நம்பிப் பிழைக்கலாமா? வன்னியிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

கிளிநொச்சியில் பிறந்தவன், இப்போது வெளிநாட்டுக் கிளப் ஒன்றில் ஸ்குவாஷ் (நான்கு சுவருக்குள் நின்று ரக்கெட்டால் பந்தைச் சுவரில் அடித்து ஆடும் விளையாட்டு) பயிற்றுநர். நம்மூர்ப் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மாங்குளத்திலிருந்து ஏ.எல். மாணவன்: அண்ணா, இதில் மாதம் எவ்வளவு உழைக்கலாம்?

தம்பி, மாதச் சம்பளம் என்று ஒன்றும் இல்லை. தொழில்முறை வீரர்களின் உலகப் போட்டிச் சுற்றில் சேருகிறவர் பெரும்பாலும் சலஞ்சர் என்ற கீழ்மட்டப் போட்டிகளில்தான் காசு பார்க்கத் தொடங்குவார். அதில் கீழ்ப்படியான சலஞ்சர் 3 இன் மொத்தப் பரிசே 3,000 டொலர். அதைப் பலர் பங்கு போட, முதலாவதாக வந்தவருக்கே சில நூறுதான் கிடைக்கும். விமான டிக்கெட், விசா, சாப்பாடு பெரும்பாலும் கைக்காசு. அதனால் நடுத்தட்டு வீரர்கள் ஜெர்மனி, நெதர்லாந்து கிளப் லீக்குகளில் காசுக்கு ஆடுவார்கள், மிச்ச நேரத்தில் பயிற்சி கொடுப்பார்கள். பயப்படாதே என்று சொல்ல மாட்டேன். கணக்குப் பார்த்துவிட்டு இறங்கு.

புதுக்குடியிருப்பு, ஒரு தாய்: மகளுக்கு 15 வயது, பட்மின்டன் நன்றாக விளையாடுவாள். ஸ்குவாஷுக்கு மாறலாமா?

மாறலாம் அக்கா. ஆனால் மேல்மட்டத்தில் நிற்கிறவர்கள் பெரும்பாலும் பத்து வயதுக்கு முன்பே ரக்கெட் பிடித்தவர்கள், அதை மறைக்கக் கூடாது. தேசிய மட்டத்தைக் குறி வையுங்கள். பட்மின்டன் கால்கள் பெரிய சொத்து: முன்னால் பாய்ந்து, முழங்காலை மடித்து, சட்டென்று திரும்பி வருவது இரண்டுக்கும் ஒன்றுதான். மணிக்கட்டுதான் தொல்லை கொடுக்கும். பட்மின்டனில் அதைச் சுண்டி அடிப்பாள். இங்கே மணிக்கட்டு இறுக்கமாக இருக்க, முன்கையும் தோளும் வீச வேண்டும், ரக்கெட் தலை தாழக் கூடாது. பழைய பழக்கம் போகச் சில மாதம் பிடிக்கும், ஏசாதீர்கள்.

வவுனியா: எங்கள் பக்கம் கோர்ட் இல்லையே?

கோர்ட்டின் நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். பாடசாலை மண்டபத் தரையில் சோக்கால் கீறுங்கள். நடுக்கோடுகள் சந்திக்கும் இடத்தில் நின்று, முன் மூலை இரண்டு, பக்கம் இரண்டு, பின் மூலை இரண்டு என்று பந்தில்லாமலே ஓடி, அடிப்பதுபோல் வீசி, ஒவ்வொரு முறையும் நடுவுக்குத் திரும்புங்கள். உலக வீரர்களும் தினமும் செய்கிற பயிற்சி இது, பெயர் கோஸ்டிங். ஆறு இடமும் சில சுற்று ஓடினால் தொடை எரியும்.

அப்புறம், ஒரு வழவழப்பான சீமெந்துச் சுவர். போட்டிப் பந்தில் இரண்டு மஞ்சள் புள்ளி இருக்கும், சூடேறாவிட்டால் எழும்பாது. (சித்திரை வெயிலில் அந்தக் கவலை நமக்கு இல்லை.) தொடங்குகிறவர்கள் எளிதில் எழும்பும் நீலப் புள்ளிப் பந்து வாங்குங்கள். ஆனால் சுவரோடு நின்றுவிடாதீர்கள். விடுமுறைக்கு இரவு பஸ் பிடித்தாவது கொழும்பில் உண்மையான கோர்ட்டில் ஆடிப் பார்க்க வேண்டும். பின்சுவரில் பட்டுத் திரும்பும் பந்தை வேறெங்கும் பழக முடியாது.

முல்லைத்தீவு, ஒரு தகப்பன்: படிப்புக் கெட்டுப்போகாதா?

ஐயா, எகிப்தின் அலி பராக் ஹார்வர்டில் இயந்திரப் பொறியியல் படித்து முடித்துவிட்டுத்தான் உலக முதலிடத்துக்கு வந்தார். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல ஸ்குவாஷ் அணிக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளைத் தேடுகின்றன. ஆனால் ரக்கெட்டை மட்டும் பார்த்து இடம் தரமாட்டார்கள், பெறுபேறும் ஆங்கிலமும் வேண்டும். என்னைக் கேட்டால் நம் பிள்ளைகளுக்குச் சலஞ்சர் சுற்றைவிட இந்த வழிதான் புத்திசாலித்தனம்.

கிளிநொச்சி, மாணவி: தமிழ்ப் பெண்கள் யாராவது பெரிய அளவில் வந்திருக்கிறார்களா?

தங்கச்சி, மலேசியாவின் சிவசங்கரி சுப்பிரமணியத்தைத் தேடிப் பார். 2022 இல் கார் விபத்தில் முகத்திலும் கழுத்திலும் எலும்பு முறிந்தது. 2024 இல் லண்டன் கிளாசிக் பட்டத்தை வென்றாள். பிறப்பால் தமிழர் இல்லாவிட்டாலும், சென்னையின் ஜோஷ்னா சின்னப்பா, தீபிகா பள்ளிக்கல் ஆட்டங்களையும் பார். 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் ஸ்குவாஷ் முதன்முறையாக ஒலிம்பிக்கில் வருகிறது.

அதே மாணவி: முதலில் என்ன வாங்க வேண்டும்?

கண் பாதுகாப்புக் கண்ணாடி. பந்து வெறும் 4 சென்டிமீட்டர், கண்குழிக்குள் அளவாக அடைபடும். சாதாரணக் கண்ணாடி போதாது, உடைந்தால் அதுவே குத்தும். ரக்கெட் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. சப்பாத்து மட்டும் தரையில் கறுப்புத் தடம் விடாததாகப் பார்த்து எடு.