எழுவாய் இல்லாத கடிதம்

கேள்வி: தேர்ந்தெடுக்கப்பட்டவர் சரியில்லை என்றால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நியமிக்கப்பட்ட அதிகாரியை யார் கேட்பது? என் மனுவுக்கு வந்த பதிலின் நகலை இணைத்திருக்கிறேன். அதிகாரிகளையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தால் என்ன?

பதில்: வேண்டாம். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்கும் மருந்து நோயை முற்றவைத்துவிடும்.

தேர்தலில் வென்ற கட்சி, பழைய ஊழியர்களை வெளியேற்றிவிட்டுத் தன் ஆட்களுக்கு அரசு வேலைகளைப் பங்கிட்டுக்கொடுக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் நீடித்தது. பதவி கேட்டுக் கிடைக்காத ஒருவர் 1881இல் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டைச் சுட்ட பிறகுதான், அரசுப் பணிகளில் ஒரு பகுதிக்கேனும் தேர்வெழுதித் தகுதி பெற்றவர்களையே அமர்த்த வேண்டும் என்ற பெண்டில்டன் சட்டம் 1883இல் நிறைவேறியது. அமைச்சர் சொல்வது விதிக்குப் புறம்பானது என்று கோப்பில் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, மறுநாளும் அதே நாற்காலியில் ஒருவர் வந்து அமர முடிய வேண்டும் என்பதற்காகவே பணிப் பாதுகாப்பு தரப்படுகிறது. வாக்குக் கேட்டு வீடு வீடாக ஏற வேண்டியவர், நூறு வாக்குகளைக் கையில் வைத்திருப்பவரின் ஆக்கிரமிப்பை அகற்ற ஆணையிடுவாரா?

அந்தப் பாதுகாப்பைப் பெற்றவர் பதிலுக்குத் தர வேண்டியது கணக்கு. பழைய ஏதென்ஸில் குலுக்கலில் பதவி பெற்றவர், வாக்கெடுப்பில் தேர்வான படைத்தலைவர் என்ற வேறுபாடு இதில் கிடையாது. பதவிக்காலம் முடிந்ததும் எல்லோரும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். அது முடியும்வரை நாட்டைவிட்டு வெளியேறவோ தம் சொத்தைக் கைமாற்றவோ முடியாது. சோழர் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டும், வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரை மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களின் பெயரையும் குடவோலையில் இடக்கூடாது என்கிறது. (நிலமும் வேதக் கல்வியும் உடையவர்களுக்கான சபையை மக்களாட்சி என்று மேடைதோறும் கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை, கணக்கைப் பற்றிய அந்த விதி வேறு விஷயம்.)

அமைச்சர் பதவி விலகினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டனில் விமானப்படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக 1938இல் எடுக்கப்பட்ட கிரிச்செல் டவுன் நிலத்தைப் பழைய உரிமையாளர் குடும்பத்துக்குத் திருப்பித் தராமல் வேளாண் துறை அதிகாரிகள் இழுத்தடித்தது பொது விசாரணையில் அம்பலமானபோது, துறை அமைச்சர் டக்டேல் 1954இல் பதவி விலகினார். இன்றும் அதை முன்மாதிரியாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த விலகலைவிட விசாரணையே பெரிதாகத் தெரிகிறது. எந்த மேசையில், யார், என்ன எழுதினார் என்பது அதில்தான் வெளியே வந்தது. அது தெரியாமல் நடக்கும் பதவி விலகல், தவறு செய்தவருக்குக் குடை பிடிப்பதாகவே முடியும்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். “தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு, விதிகளின்படி நிராகரிக்கப்பட்டது என்று இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.” ஒரே வாக்கியம். அதில் மூன்று செயப்பாட்டு வினைகள். பரிசீலித்தவர் யார், நிராகரித்தவர் யார், தெரிவிப்பவர் யார் என்று தேடிப் பார்த்தால் ஆளே இல்லை. எந்த விதி என்பதும் இல்லை. கீழே அலுவலரின் பதவிப் பெயருடன் ‘க்காக’ என்று சேர்த்து, அதன்மேல் ஒரு கிறுக்கல். கிறுக்கியவரின் பெயர் அச்சிடப்படவில்லை. பள்ளி மாணவன் இப்படி எழுதினால் தமிழாசிரியர் ‘எழுவாய் எங்கே?’ என்று சிவப்பு மையில் வட்டமிட்டிருப்பார். அலுவலக நடை என்று நாம் பழகிவிட்ட இந்த மொழிதான் அதிகாரி ஒளிந்துகொள்ளும் முதல் இடம். தேர்தல் வைத்தாலும் அவர் அங்கேதான் ஒளிந்துகொள்வார்.

அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கும் உரிமையை ஸ்வீடன் 1766லேயே சட்டமாக்கியது. இன்று பல நாடுகளில் தகவல் உரிமைச் சட்டங்கள் இருக்கின்றன. உங்களுக்கும் அது வாய்த்திருந்தால், முறையீடு, குமுறல் எதையும் சேர்க்காமல் மூன்றை மட்டும் கேட்டு எழுதுங்கள்: முடிவெடுத்தவரின் பெயரும் பதவியும், அவர் சார்ந்து நின்ற விதியின் எண், அந்த முடிவு பதிவான கோப்புக் குறிப்பின் நகல். அதன் பிரதி ஒன்றை நீங்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினருக்கும் அனுப்புங்கள். அவர் அதைச் சபையில் கேள்வியாக எழுப்பினால், பதில் தயாரிக்கச் சொல்லி அமைச்சரின் அறையிலிருந்து அந்தக் கோப்பு கீழே போகும். அப்போது ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதிய கைக்கு உரியவரை அவர்களே தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும்.