அபார்ட்மென்டில் தீயணைப்புச் செயல்விளக்கம்: முதலில் வண்டி உள்ளே வருமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கிறது எங்கள் அபார்ட்மென்ட். கீழே வண்டி நிறுத்துமிடம், மேலே நான்கு மாடி, 32 வீடுகள். போன மாதம் அடுத்த தெருவில் ஒரு வீட்டு ஏசி தீப்பிடித்ததிலிருந்து எல்லோருக்கும் பயம். தீயணைப்புத் துறையினர் நேரில் வந்து செயல்விளக்கம் காட்டுவார்கள் என்கிறார்கள். யாரிடம் கேட்பது? நாங்கள் என்ன தயார் செய்து வைக்க வேண்டும்?
— குடியிருப்போர் சங்கச் செயலாளர்

பதில்: வருவார்கள், கேட்கத்தான் ஆளில்லை. உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்துக்கு நேரில் போய், சங்கத்தின் லெட்டர்பேடில் நிலைய அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். முகவரி, எத்தனை மாடி, எத்தனை வீடு, உங்களுக்குத் தோதான இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், ஒரு போன் நம்பர் இருந்தால் போதும். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் பருத்தியும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற கப்பல் வெடித்ததில் உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக அனுசரிப்பது. அந்த வாரம் பள்ளி, ஆலை, பஸ் நிலையம் என்று அலைவார்கள். தீபாவளிக்கு முன் பட்டாசு விழிப்புணர்வு, மழைக்கு முன் குளக்கரைகளில் வெள்ள மீட்பு ஒத்திகை. இந்த நாட்களை விட்டுக் கேட்டால் உங்களுக்கு நிதானமாக நேரம் கிடைக்கும். நடுவில் நிஜ அழைப்பு வந்தால் பாதியிலேயே கிளம்பிவிடுவார்கள், அதற்குக் கோபப்படக் கூடாது.

சரி, வந்து என்ன காட்டுவார்கள்? எரியும் சிலிண்டர் மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி ஒருவர் அணைப்பார். எல்லோரும் கைதட்டுவார்கள், செல்போனில் படம் எடுப்பார்கள், டீ குடித்துவிட்டு மேலே போய்விடுவார்கள். இத்தனை வருடங்களில் நான் பார்த்த பெரும்பாலான செயல்விளக்கங்கள் இப்படித்தான் முடிந்தன. அதனால் நிலைய அலுவலரிடம் காட்சிக்கு முன்னால் வேறொன்றைக் கேளுங்கள்: "சார், வண்டியை எங்கள் வாசலுக்குள் ஒருமுறை கொண்டுவந்து பாருங்கள்."

வண்டியின் அகலம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். வாசல் கேட் அதற்குப் போதுமா, மேலே அழகுக்குக் கட்டிய வளைவு இடிக்குமா, தெருமுனையில் தொங்கும் கேபிள் வயர் தடுக்குமா, இரவு பத்து மணிக்கு மேல் தெருவின் இரு பக்கமும் நிற்கும் கார்களுக்கு நடுவே திரும்ப முடியுமா? பகலில் காலியாக இருக்கும் தெருவைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். மாநகரில் நூறு மீட்டருக்கு மேல் எட்டும் ஸ்கைலிஃப்ட் என்ற ராட்சத ஏணி வண்டி இருந்தாலும், அது தெருவுக்குள் நுழைந்து தன் தாங்குகால்களை ஊன்ற இடமில்லை என்றால் உங்களுக்குப் பயனில்லை.

அப்புறம் தண்ணீர். நம் ஊரில் சாதாரணமாக வரும் தண்ணீர் வண்டியில் 4,500 லிட்டர்தான் இருக்கும். ஒரு குழாயை முழு வேகத்தில் திறந்தால் சுமார் பத்து நிமிடத்தில் காலி. அதன்பின் உங்கள் சம்ப்பிலிருந்துதான், அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்துதான் உறிஞ்ச வேண்டும். அந்த மூடி எங்கே இருக்கிறது? நிறைய இடங்களில் அதன்மேல் ஒரு கார் நிற்கும், கார்க்காரர் வெளிநாட்டில் இருப்பார்.

இதெல்லாம் வண்டி வந்த பிறகு. அது வரும் வரையிலான நிமிடங்கள் உங்களுடையவை. செயல்விளக்கத்தில் வேடிக்கை பார்க்காமல் சமையல் செய்கிறவர்கள், வேலைக்கு வருகிற அக்காமார், வாட்ச்மேன் ஆகியோரை முன்னால் நிறுத்துங்கள். தீயணைப்பானை அவர்களே பின்னைப் பிடுங்கி அழுத்திப் பார்க்கட்டும். அது கால் நிமிடம், மிஞ்சினால் அரை நிமிடம்தான் பீய்ச்சும். கொழுந்தைப் பார்த்து அடித்தால் வீண், தீயின் அடியைப் பார்த்து அடிக்க வேண்டும். பவுடர் வகையில் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். கார்பன் டை ஆக்ஸைடு வகையில் முள்ளே கிடையாது, எடை போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும், கொதிக்கும் எண்ணெயைக் கூரைவரை தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்து, சட்டியைத் தட்டால் மூடிவிட்டு விலகி நில்லுங்கள். கேஸ் வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, சுவிட்சை எதற்காகவும் தொடாமல் வெளியே வாருங்கள். போடுவது மட்டுமல்ல, அணைப்பதும் பொறியைக் கிளப்பும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவி நிற்கும். கசிவுக்கு 1906, தீக்கு 101 அல்லது 112, இரண்டையும் வெளியே வந்து கூப்பிடுங்கள்.

உங்களைப் போன்ற கட்டடங்களில் எனக்கு அதிக பயம் தருவது அடுக்களை அல்ல, கீழ்த்தளம். மின் மீட்டர் பெட்டி, அதன் பக்கத்தில் சார்ஜ் ஏறும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர், அதை ஒட்டியே மாடிப்படி. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர் எரிந்து ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அவர்களைக் கொன்றது புகை. கீழே எரிந்தால் மாடிப்படி புகைபோக்கி ஆகிவிடும். சார்ஜ் போடும் இடத்தைப் படிக்கட்டிலிருந்து தள்ளி வையுங்கள். இது ஒன்றுக்குச் சங்கக் கூட்டத்தில் சண்டை வந்தாலும் பரவாயில்லை.

புகை படியில் ஏறாதவரை இறங்கி வந்துவிடலாம், லிஃப்ட் வேண்டாம். படி முழுக்கப் புகை என்றால் வீட்டுக்குள்ளேயே இருந்து, கதவை மூடி, கீழ் இடுக்கில் ஈரத் துணியைத் திணித்து, பால்கனியில் நின்று குரல் கொடுங்கள். திருடனுக்குப் பயந்து பால்கனி முழுக்கக் கிரில் போட்டவர்கள், அதில் திறக்கிற மாதிரி ஒரு கதவாவது வைக்க வேண்டும்.

101-க்குப் பேசுகிறவர் முகவரி, அருகில் உள்ள கோயில் அல்லது கடை, எரிவது என்ன, உள்ளே ஆள் உண்டா என்று சொல்ல வேண்டும். எதிர்முனையில் போதும் என்று சொல்லும்வரை போனை வைக்காதீர்கள். இன்னொருவர் தெருமுனைக்கு ஓடி நிற்கட்டும்.

வண்டியிலிருந்து குதித்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே யாராவது இருக்காங்களா?" தாம்பரத்தில் உள்ள மாநிலப் பயிற்சி மையத்தில் ஏணி, கயிற்று முடிச்சு, மூச்சுக் கருவி என்று எல்லாம் பழகியவர்கள்தான். ஆனாலும் கரும்புகைக்குள் கண் தெரியாது, சுவரைத் தடவிக்கொண்டே ஒவ்வொரு அறையாகத் தேடுவார்கள். மூன்றாவது மாடியில் படுக்கையில் இருக்கும் பாட்டி எந்த வீட்டில், எந்த அறையில் என்று முன்பே தெரிந்தால் நேரே அங்கே போவார்கள். அதனால் தனியாக நடக்க முடியாதவர்கள் இருக்கும் வீடுகள், மொட்டை மாடிச் சாவி இருக்கும் இடம், மெயின் சுவிட்ச், சம்ப் மூடி எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வாட்ச்மேன் அறையில் ஒட்டுங்கள். செயல்விளக்கத்தன்று அந்தத் தாளை நிலைய அலுவலரிடம் காட்டி, அவருக்கு இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.