வீட்டுச் சாப்பாடு வீணாகாமல் இருக்க ஒரு செயலி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

காரைக்குடியில் இருந்துகொண்டு செயலி வடிவமைப்பு செய்கிறேன். கேள்வி அனுப்பியவர்களில் சிலர் மாணவர்கள், சிலர் தினமும் அடுப்படியில் நிற்பவர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

காரைக்குடி, இறுதியாண்டு மாணவர்: அக்கா, பார்கோடை ஸ்கேன் செய்தால் காலாவதித் தேதியைக் குறித்துவைத்து நினைவூட்டும் செயலிதான் எங்கள் புராஜெக்ட். சரியாக வருமா?

ஸ்கேன் வேலை செய்யும் தம்பி. ஆனால் உங்கள் வீட்டுக் குப்பைக் கூடையில் பார்கோடு உள்ள பொருள் எவ்வளவு விழுகிறது என்று ஒரு வாரம் பாருங்கள். மிஞ்சின சோறு, முந்தாநாள் குழம்பு, வாடின கீரை, புளித்துப்போன மாவு இவைதான் விழும். சந்தையில் வாங்கின கத்தரிக்காயில் எந்தக் கோடும் கிடையாது.

சோறு மிஞ்சுவது உலை வைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. எட்டுப் பேருக்கு வடித்துப் பழகின கை, பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போன பிறகும் அதே அளவைத்தான் போடும். அதனால் செயலி முதலில் கேட்க வேண்டியது, "இன்றைக்கு எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள்?" என்பதைத்தான். அதற்கு எவ்வளவு அரிசி போடலாம் என்பதைக் கிராமில் சொல்லாதீர்கள், உழக்கில் சொல்லுங்கள். ஒரு வீட்டு உழக்கு இன்னொரு வீட்டு உழக்கு மாதிரி இருக்காது. "உங்கள் உழக்கில் ஒரு உழக்கு அரிசி எத்தனை பேருக்குக் காணும்?" என்று ஆரம்பத்தில் ஒரே ஒரு தடவை கேட்டு வைத்துக்கொண்டால் போதும்.

பள்ளத்தூர், இல்லத்தரசி: கையெல்லாம் மாவாக இருக்கும்போது போனில் எங்கே டைப் செய்வது?

டைப் செய்யவே வேண்டாம், பேசினால் போதும் என்கிற மாதிரி இருக்க வேண்டும். "நேத்து வச்ச புளிக்குழம்பு கொஞ்சம் கெடக்கு" என்று சொன்னால் என்ன, எப்போது, எவ்வளவு என்ற மூன்றையும் செயலி பிடித்துக்கொள்ள வேண்டும். "கொஞ்சம்" என்பதே போதுமான அளவு. அதற்கு மேல் "எத்தனை மில்லி?" என்று கேட்டால் மறுநாள் யாரும் அதைத் திறக்க மாட்டார்கள். சாயங்காலம், ராத்திரி டிபனுக்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கிற நேரத்தில் ஒரே ஒரு அறிவிப்பு வரட்டும். நாளுக்கு நாலு தடவை மணி அடிக்கிற செயலியை நானே தூக்கிவிடுவேன்.

சமையல் குறிப்பும் நம்ம அடுப்படிக்குப் பொருந்த வேண்டும். மாவு புளிக்க ஆரம்பித்தால் குழிப்பணியாரம். வெண்டைக்காய் முற்றுவதற்குள் மண்டி என்கிற புளிக்குழம்பு. அரிசி களைந்த தண்ணீரும் அதிலேயே செலவாகிவிடும். அப்புறம், வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டு தாண்டினால் சிக்னல் எடுக்காத வீடுகள் நம்ம பக்கம் உண்டு. இணையம் இல்லாமலும் பதிவாகி, பிறகு தானே சேர்ந்துகொள்ள வேண்டும்.

தேவகோட்டை: பாக்கெட்டில் போட்ட தேதி தாண்டியதும் "தூக்கிப் போடு" என்று செயலி சொல்லலாமா?

எந்தத் தேதி என்பதைப் பொறுத்தது. 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகளின்படி "எக்ஸ்பைரி" அல்லது "யூஸ் பை" தேதி கட்டாயம். அதைத் தாண்டினால் சாப்பிடக் கூடாது. "பெஸ்ட் பிஃபோர்" என்பது தரத்தைப் பற்றியது; ருசியோ மொறுமொறுப்போ குறையலாம், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே சிவப்பு நிறத்தில் காட்டினால், நல்ல பொருளையும் செயலியே குப்பைக்கு அனுப்பிவிடும்.

கானாடுகாத்தான்: மிஞ்சினதைச் சாப்பிடச் சொல்லி, யாருக்காவது வயிற்றுக்கு ஆகாமல் போனால்?

இதில் செயலி கறாராக இருக்க வேண்டும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். நம்ம ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரமாக. சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்க வைத்தாலும் சாகாது. சோறு வெளியிலேயே கிடந்தால் அவை முளைத்து உண்டாக்கும் நச்சு, திரும்பச் சுட வைத்தாலும் போகாது. ஆகவே "எப்போது சமைத்தீர்கள்?" என்பதோடு "எப்போது உள்ளே வைத்தீர்கள்?" என்றும் கேளுங்கள். தெரியாது என்று பதில் வந்தால், சாப்பிடச் சொல்லக் கூடாது. நீண்ட நேரம் கரண்ட் போயிருந்தால் அதைச் சொல்லவும் ஒரு பொத்தான் வேண்டும்.

தண்ணீர் ஊற்றி வைக்கும் பழைய சோறு வேறு கணக்கு. அதில் லாக்டிக் அமிலம் உண்டாகிப் புளிக்கிறது. அதைத் தனி வகையாக வையுங்கள். மறுநாள் காலையோடு அதன் கெடு முடியட்டும்.

காரைக்குடி, அதே மாணவர்: வீணாவது குறைந்தது என்று எப்படி நிரூபிப்பது?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளுக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. நாளுக்குச் சுமார் 150 கிராம். நாலு பேர் இருக்கும் வீட்டில் 600 கிராம். இதில் தோல், எலும்பு போன்ற சாப்பிட முடியாதவையும் அடக்கம், அதனால் உங்கள் ஆய்வில் இரண்டு வாளி வைத்துத் தனித்தனியாக எடை போடுங்கள். செயலி கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம், மூன்று மாதம் கழித்து ஒரு வாரம். செயலிக்குள் தட்டின பதிவை மட்டும் நம்பாதீர்கள். கொட்டினதைச் சொல்ல எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும்.

புதுவயல்: கல்யாண வீட்டில் மிஞ்சுவதையும் இதிலேயே சேர்க்கலாமா?

வேண்டாம். அது வண்டி, ஆள், நேரம் சம்பந்தப்பட்ட வேலை. உபரி உணவை வழங்குவதற்கு 2019ஆம் ஆண்டின் விதிகள் தனியாக இருக்கின்றன. கோயம்புத்தூரில் 2014இல் தொடங்கிய "நோ ஃபுட் வேஸ்ட்" போன்ற அமைப்புகள் இதையே முழு வேலையாகச் செய்கின்றன.

சிங்கப்பூரிலிருந்து, சொந்த ஊர் தேவகோட்டை: அப்பச்சியும் ஆத்தாவும் தனியாக இருக்கிறார்கள். அவர்கள் ஃபிரிட்ஜில் என்ன கிடக்கிறது என்று நான் இங்கிருந்தே பார்க்க வழி இருக்குமா?

அவர்களாகச் சம்மதித்துத் திறந்துவிட்டால் ஒழிய, கூடாது. எதைச் சாப்பிட்டார்கள், எதைக் கொட்டினார்கள் என்று பிள்ளை வேவு பார்ப்பதாகத் தோன்றினால் மறுநாளே பதிவை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் அந்தப் பக்கம் தகவல் அனுப்பும்படி இருந்தால் பிரயோஜனம். ஊருக்கு வரும் தேதி, எத்தனை பேர், குழந்தைகள் உண்டா, கிளம்பும் தேதி. நீங்கள் வருகிறீர்கள் என்றால் கறியும் மீனும் பாலும் தாராளமாக வாங்கிவிடுவார்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வாங்குவதைக் குறைக்கச் செயலி சொல்ல வேண்டும், அதற்குக் கிளம்பும் தேதி தெரிந்திருக்க வேண்டும்.