கொலராடோவில் முதல் மான் வேட்டை: கோவையிலிருந்து என்ன எடுத்துப் போவது?

கேள்வி: நவம்பரில் கொலராடோவில் இருக்கும் மச்சினர் வீட்டுக்கு விசிட்டர் விசாவில் போகிறேனுங்க. ரைபிள் வேட்டைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்கிறார். பனியில் நின்று பழக்கமில்லை. துணிமணி திருப்பூரிலேயே எடுத்துவிடலாமா?

பதில்:

எடுக்கலாமுங்க, பருத்தி மட்டும் வேண்டாம். பருத்தி பனியன் நம்மூர் வெயிலுக்கு ஏற்றது. மேடேறும்போது அது வேர்வையைக் குடித்துவைத்துக்கொள்ளும். மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் அந்த ஈரமே உடம்புச் சூட்டை இழுக்கத் தொடங்கும். பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரியில் இது ஆபத்து.

உள்ளே போட 150 முதல் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) மெரினோ கம்பளி அல்லது முழு பாலியஸ்டர், இரண்டு செட். பாலி-காட்டன் கலவை என்றால் கீழே வைத்துவிடுங்கள். லேபிளில் சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல் எரியும், பாலியஸ்டர் உருகி மணியாகும், கம்பளியில் முடி கருகும் வாடை வரும். அதற்கு மேல் ஃபிளீஸ், அதற்கும் மேல் காற்றுத் தடுக்கும் மேலாடை. தடித்த கோட்டைப் பையில் வைத்துக்கொண்டே நடந்து, உட்கார்ந்த பிறகு போடுங்கள். புறப்படும்போது கொஞ்சம் குளிர வேண்டும், அப்போதுதான் வேர்க்காது. சரசரக்கும் நைலான் வேண்டாம், மான் காதுக்கு அது எட்டிவிடும்.

பூட்ஸை இங்கே வாங்காதீர்கள். அங்கே போய், கம்பளி சாக்ஸைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். ஒரு சாக்ஸுக்கு மேல் இன்னொன்று போட்டு இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். நடந்து தேடும் வேட்டைக்கு 400 கிராம் இன்சுலேஷன் (குளிர் தடுக்கும் உள் அடுக்கு) போதும். மணிக்கணக்கில் உட்காருவதென்றால் 800க்கு மேல். கைக்கு மெல்லிய உள்ளுறை, மேலே விரல் பிரியாத தடித்த உறை. சுடும்போது மேலுறையைக் கழற்றிவிடுங்கள். தடித்த விரலுக்கு டிரிகரின் அழுத்தம் தெரியாது.

ரைபிள் மச்சினருடையதாக இருக்கட்டும், குளிரில் அதைப் பார்த்துக்கொள்ளும் விதம் உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். போல்ட்டில் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகம்) எண்ணெய் அதிகமிருந்தால் கெட்டியாகி, தோட்டாவின் அடியில் தட்டும் ஃபயரிங் பின் மெதுவாக அடித்துத் தோட்டா வெடிக்காமல் போகலாம். துடைத்துவிட்டு உலர் மசகு போடச் சொல்லுங்கள். ராத்திரி துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் வியர்த்து, காலையில் வெளியே போனதும் அந்த ஈரம் உறைந்து போல்ட் பிடித்துக்கொள்ளும். சூடில்லாத இடத்தில், தோட்டா இல்லாமல், பூட்டி வைக்க வேண்டும். குழல் வாயில் பனி புகாமல் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டலாம். வேட்டைக்கு வாங்கிய அதே தோட்டாவில், 100 கெஜத்தில், அங்குள்ள குளிரிலேயே ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) சரிபாருங்கள். ஸ்கோப் கண்ணாடி மேல் மூச்சு படக் கூடாது, பட்டால் உறைந்துவிடும்.

ஆரஞ்சு நிறம் அங்கே சட்டம். இடுப்புக்கு மேல் குறைந்தது 500 சதுர அங்குலம் ஒரே நிற ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு, தலையிலும் அதே நிறத்தில் தொப்பி. கேமோ (இலை, கிளை போன்ற மறைப்பு வடிவம்) அச்சடித்த ஆரஞ்சு கணக்கில் சேராது.

பையில்: ஹெட்லாம்ப், அதற்கு லித்தியம் பேட்டரி (ஆல்கலைன் குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும்), நான்கு அங்குலக் கத்தி, ரப்பர் கையுறை, இறைச்சிக்குத் துணிப்பை, பத்து மீட்டர் கயிறு. லைட்டரை உள்சட்டையில் வையுங்கள். வெளிப்பையில் விறைத்தால் பற்றாது. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், ஐஸ் அடிப்பக்கத்தில் கட்டும், மூடி திறக்கும். அந்த மலைகளில் பல இடங்கள் தொட்டபெட்டாவைவிட உயரம், அதனால் தாகம் எடுக்காவிட்டாலும் குடியுங்கள். தலைவலியோடு குமட்டல் வந்தால் கீழே இறங்கிவிடுங்கள்.

டிக்கெட் போடும் முன்னால் உரிமத்தைப் பாருங்கள். விசிட்டர் விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையிலிருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. குறிபார்க்க எடுப்பதற்கும் இது பொருந்தும். 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னோ பிறந்தவர் வேட்டைப் பயிற்சிச் சான்றும் காட்ட வேண்டும். மான் உரிமம் குலுக்கலில்தான் கிடைக்கும், விண்ணப்பம் ஏப்ரல் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். தவறவிட்டிருந்தால், மிச்ச உரிமங்கள் விற்பனைக்கு வரும் நாளை மச்சினரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.